கப்பலின் நடுவில் ஓர் அறை

கப்பலின் வரைபடம் என்று டிராவல்ஸ் அம்மையார் கொடுத்தது ஒரு ஜெராக்ஸ் தாள். அசலில் ஒவ்வொரு வகை அறைக்கும் ஒரு வண்ணம் இருந்ததாம். கைவசம் ஒரே பிரதிதான் இருக்கிறது, அதனால் தர முடியாது என்றார். நகலில் எல்லா அறைகளும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. ஐந்து தளங்கள், தொண்ணூறு சொச்சம் அறைகள், ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடச் சிறிய கட்டம். அதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மூலைக்கு ஒன்றாக நான்கு டம்ளர்களை வைத்து, மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையில் பக்கம் போடுகிறவனுக்கு அது புதிதான தாள் இல்லை. தினமும் விளம்பரப் பிரிவிலிருந்து எங்களுக்கு ஒரு டம்மி வரும். எந்த இடம் விற்றுவிட்டது, எது மிச்சம் என்று கட்டம் கட்டமாகக் குறித்திருப்பார்கள். மிச்சமிருக்கும் இடத்தில்தான் உலகச் செய்தி முழுவதையும் அடைக்க வேண்டும். கப்பலும் அப்படித்தான் இருந்தது. பெருக்கல் குறி போட்டவை விற்ற அறைகள். குறி விழாத அறைகள் நான்கு.

அந்த நான்கில் ஒன்றில் என் மனைவி பதினொரு நாள் வாந்தி எடுக்காமல் படுத்திருக்க வேண்டும். பிரச்சினை அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஒரே மகள் மொம்பாசாவில் இருந்தாள். மாப்பிள்ளை அங்கே ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டர். கோயமுத்தூரிலிருந்து அந்த வேலைக்கு ஆப்பிரிக்கா போனவர்கள் அப்போது தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். மகளுக்கு முதல் கர்ப்பம் நான்காம் மாதத்தில் கலைந்தது. அன்று அவள் பக்கத்தில் இருந்தது பக்கத்து வீட்டு குஜராத்திப் பெண் மட்டும். எங்களுக்குச் செய்தி வந்தது மூன்று நாள் கழித்து. மறுபடி கரு தங்கியபோது, தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று எங்கள் வீட்டில் எல்லா ஏற்பாடும் பேசி முடித்திருந்தார்கள். ஆனால் அங்கிருந்த டாக்டர் இந்தப் பெண் எங்கும் பயணம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். டிசம்பர் நடுவில் தேதி குறித்திருந்தார்.

"அவ வர முடியாட்டி நான் போறனுங்க. இந்தத் தடவ அவ தனியாக் கெடக்கக் கூடாது" என்றாள் மனைவி.

அவளுக்கு செப்டம்பரில்தான் இடது காதில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உள்காதின் கசிவை அடைத்து ஒரு ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு விமானம் ஆகாது, காற்றழுத்தம் மாறினால் ஒட்டு பெயரலாம் என்றார் டாக்டர். கனமான எதையும் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். முக்கக் கூடாது. வாந்தி, அதுவும் விடாத வாந்தி, கூடவே கூடாது. வலது காதும் அவ்வளவு நல்ல நிலையில் இல்லை. இடது போனால் மிச்சமிருப்பது பாதிக் காது என்று டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். "அப்பக் கப்பல்ல போலாங்களா?" என்று அவள் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, அப்படி ஒரு நோயாளி இதுவரை கேட்டதில்லை என்றார். பிறகு யோசித்து, ஆட்டம் இல்லாமல் போக முடியுமானால் போகலாம் என்றார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி பஸ் ஏறினால் இரண்டாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கத் தொடங்குகிறவள் அவள். இதை டாக்டரிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேலே இருந்தது டிராவல்ஸ். படிக்கட்டு வரைக்கும் ஸ்கூட்டர்களை நிறுத்தியிருப்பார்கள், ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். அதை நடத்தியவர் ஐம்பதைத் தொட்ட ஒரு அம்மையார். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். எங்களுக்காகக் கொச்சிக்கும் மும்பைக்கும் ஃபோன் மேல் ஃபோன் போட்டு இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரர்களை உல்லாசப் பயணம் கூட்டிப்போகும் சிறிய கப்பல். கிழக்கே சீசன் முடிந்து ஆப்பிரிக்கக் கரைக்குத் திரும்புகிறது. வழியில் கொச்சி, மாலத்தீவு, செஷல்ஸ், பிறகு மொம்பாசா. இந்தப் பயணத்துக்கு ஆள் குறைவு என்பதால் மிச்ச அறைகளை இங்கே விற்கிறார்கள். நவம்பர் கடைசியில் கொச்சியில் ஏறினால் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னால் இறங்கிவிடலாம்.

"எந்த ரூம் ஆடாதுங்க?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லக் கூடாதுங்க சார். நானும் கப்பல்ல போனதில்ல. மேல போனா கடல் நல்லாத் தெரியும், ரேட்டும் கூடங்கறாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க" என்றார். அந்த ஒரு பதிலால் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆபீஸ் நூலகத்தில் கப்பல்களைப் பற்றி ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் இருந்தது. கப்பல் இரண்டு விதமாக ஆடும். பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நிமிரும். முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறி இறங்கும். இரண்டும் குறைவாக இருப்பது நடுவில், அதுவும் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில். அதை வைத்து வரைபடத்தைப் பார்த்தேன். மிச்சமிருந்த நான்கில் ஒன்று பின்கோடியில், எந்திர அறைக்கு மேலே. ஒன்று சமையலறைக்கு நேர் கீழே. அந்த இரண்டையும் அடித்தேன். மிஞ்சியது 402, 214. முதலாவது நான்காம் தளத்தில், முன்னால், அகலமான ஜன்னலோடு. இரண்டாவது இரண்டாம் தளத்தில், அநேகமாகக் கப்பலின் நட்டநடுவில். தட்டளவு வட்டக் கண்ணாடி ஒன்றுதான் அதற்கு ஜன்னல்.

படித்ததை அப்படியே நம்புவது என் தொழிலுக்கு ஆகாது. ஒரு செவ்வாய்க்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு காரமடைக்கு டவுன் பஸ் ஏறினேன். கோயிலுக்கு என்றுதான் அவளிடம் சொன்னேன். போகும்போது பின்சக்கரத்துக்கு மேலிருந்த சீட்டில் உட்கார வைத்தேன். துடியலூரில் பேச்சை நிறுத்தினாள். பெரியநாயக்கன்பாளையத்தில் கண்ணை மூடிக்கொண்டு முந்தானையை வாயில் வைத்தாள். திரும்பும்போது நடுவில், இரண்டு சக்கரத்துக்கும் இடையில் இருந்த சீட்டு. கோயில் வாசலில் வாங்கிய நிலக்கடலையை ஒன்றொன்றாக உரித்துத் தின்றபடியே வந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதைக் கவனித்துவிட்டாள்.

"ஏனுங்க, சாமி கும்படறதுக்குக் கூட்டியாந்தீங்களா, இல்ல என்னைய வெச்சு ஆராய்ச்சி பண்றதுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"எழுதிக்கோங்க. பொண்டாட்டி நடுவுல சொகமா இருந்தான்னு எழுதிக்கோங்க."

அன்றோடு எனக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது. 214. மறுநாள் காலை டிராவல்ஸுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அன்று மாலை பல்லடத்திலிருந்து சம்பந்தி ஃபோன் செய்தார்.

மாப்பிள்ளையின் அப்பா பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். பிரசவத்துக்கு அவரும் சம்பந்தியம்மாவும் விமானத்தில் போவதாக இருந்தது. பேச ஆரம்பித்தால் ரிசீவரைக் காதிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடிக்க வேண்டும். சைனஸ் தொல்லை, அதனால் விமானம் ஆகாது, கப்பலில் போகிறோம் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். காது ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவில்லை. அது மனைவியின் பிடிவாதம். அவளுடைய அப்பாவுக்கும் கடைசியில் காது கேட்காமல் போனது. மகள் வயிற்றில் குழந்தை இருக்கிறது. நாளைக்கு அந்தக் குழந்தைக்குச் சின்னதாக ஒரு குறை என்றாலும் தாய் வழிச் சீக்கு என்றுதான் பேச்சு வரும், அதைக் கேட்டுக்கொண்டு நம் பெண் அங்கே இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அது தவறு என்று எனக்குத் தோன்றியது. அதை விவாதிக்கும் தெம்பு எனக்கு இல்லை. அந்த வருடம் முழுக்கவே எனக்கு எதை விவாதிக்கவும் தெம்பு இருந்ததாக ஞாபகம் இல்லை.

"சம்பந்தி, உங்க ரெண்டு பேரையும் தனியா கடல்ல உட்டுப்போட்டு நாங்க பிளேன்ல போயி முன்னால எறங்கி நிக்கறது நல்லாருக்குங்களா? நாங்களும் கப்பல்லயே வாரோமுங்க. ஒண்ணா போலாம்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல முடியாத பேச்சு அது. டிராவல்ஸ் அம்மையார் மிச்சமிருந்த நல்ல அறைகள் இரண்டையும், 402, 214 இரண்டையும், எங்கள் இரு குடும்பங்களுக்காகச் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரை நிறுத்தி வைத்தார். யாருக்கு எது என்று அதற்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கப்பல்காரர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதை அவர் இரண்டு முறை சொன்னார்.

வியாழக்கிழமை பின்மதியம் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மழை பிடித்திருந்தது. ஒரு அட்டைப்பெட்டி முட்டையும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள். சம்பந்தியம்மா அதிகம் பேசாதவர். கண் மட்டும் எல்லாவற்றின்மேலும் போய் வரும். மனைவி பனிக்குக் கட்டியதைப் போலத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, அவருக்கு இடப்பக்கம், அதாவது தன் வலக்காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள்.

சம்பந்தி வரைபடத்தின்மேல் குனிந்தார்.

"இது ஏனுங்க, கோழிக்கூண்டு அடுக்குனாப்ல இருக்குது?"

நான் இரண்டு கட்டங்களையும் காட்டினேன். மேலே ஒன்று, கடல் தெரியும். கீழே ஒன்று, நடுவில், ஜன்னல் பெயருக்குத்தான். ஆட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"அட, இந்த நடு ரூமுதானுங்க ரூமு! குஞ்சு லோடு ஏத்தறப்ப நாங்க என்ன பண்ணுவோம்? ஒருநாள் குஞ்சுப் பொட்டிய வண்டிக்கு முன்னாலயும் வெக்க மாட்டோம், பின்னாலயும் வெக்க மாட்டோம். நடுவுல, அடீல. ஓரத்துப் பொட்டி எறக்கறப்பப் பாத்தா பாதி செத்துக் கெடக்கும்."

"ஏனுங்க, சம்பந்தி ஊட்டுல வந்து செத்ததையே பேசிக்கிட்டு" என்றார் சம்பந்தியம்மா. பிறகு என்னிடம், "இவங்களுக்கு மனுசங்களப் பாத்தாலும் குஞ்சுப் பொட்டிதானுங்க. அது சரி, படுத்தா தலை எந்தத் தெசைல வரும்? வடக்க வரக் கூடாதுங்களே?"

"கப்பல் திரும்பிக்கிட்டே இருக்குமுங்க. காலைல கெழக்க இருந்தா சாயந்தரம் வடக்க வந்துரும்" என்றேன்.

"அப்பக் கப்பலுக்காரனெல்லாம் ராவெல்லாம் முழிச்சுக்கிட்டேதான் போவான்" என்று சம்பந்தி சிரித்தார்.

எல்லோரும் சிரித்தோம். மனைவி ஒரு விநாடி தாமதமாகச் சிரித்தாள்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். நடு அறை எங்களுக்கு வேண்டும், அவளுக்கு ஆட்டம் ஆகாது என்று. சைனஸ் என்றே வைத்துக்கொண்டுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்ணைக் கொடுத்த வீடு முதலில் கை நீட்டுவதில்லை. பந்தியில் உட்கார்ந்தாலும், கட்டிலில் உட்கார்ந்தாலும், காரில் முன்சீட்டு ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் எடுத்த பிறகுதான் எங்களுக்கு. சட்டம் என்று யாரும் சொன்னதில்லை, மீறியும் யாரும் பார்த்ததில்லை. அவரோ ஒரே வாக்கியத்தில் நடு அறைதான் நல்ல அறை என்று சொல்லிவிட்டார். நல்லது எது என்று தெரிந்த பிறகு அதை எனக்கு என்று கேட்பது எப்படி?

"அப்ப நீங்க நடு ரூம எடுத்துக்கோங்க சம்பந்தி" என்றேன்.

"ஐயையோ, என்னங்க நீங்க. அம்மணிக்கு ஒடம்பு செரியில்லாத நேரம். நீங்க எடுத்துக்கோங்க."

"பரவால்லீங்க, எங்களுக்கு எதுனாலும் ஒண்ணுதானுங்க" என்றாள் மனைவி. அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப எங்களுக்கும் எதுனாலும் ஒண்ணுதான். மேல இருக்கறது ரேட்டு சாஸ்தியாமே, அத நாங்க எடுத்துக்கிட்டா, பாரு கோழிக்காரன் சொகுசுல ஏறிக்கிட்டான்னு நாளைக்கு நாலு பேரு பேசுவான். கீழ இருக்கறத எடுத்தா, சீக்காளிக்கு எடங் குடுக்காம புடிச்சுக்கிட்டான்னு பேசுவான். எனக்கு எதுக்குங்க வம்பு? நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க. நீங்க வேண்டாங்கறது எங்களுக்கு."

"இல்லீங்க, நீங்க வேண்டாங்கறது எங்களுக்கு" என்றேன்.

இப்படியே நான்கைந்து முறை போனது. காபி வந்தது. பேச்சு மழைக்கும் மக்காச்சோளத் தீவனத்துக்கும் மாறியது. இருட்டுவதற்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் எழுந்தபோது வரைபடத்தில் இரண்டு கட்டங்களும் முன்பு இருந்தபடியே இருந்தன.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு டிராவல்ஸ் அம்மையார் ஃபோன் செய்தார்.

"சார், பல்லடத்துக்காரங்க பேசுனாங்க. உங்களுக்கு எது வேண்டாமோ அது அவங்களுக்காமுங்க. உங்களுக்கு எதுங்க வேண்டாம்?"

சுற்றிலும் டெலிபிரிண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு எண்ணைச் சொன்னால் போதும். முந்தின இரவு இதைப் பற்றி வீட்டில் பேசியிருந்தோம். "அவங்க வாயில இருந்து வரட்டுங்க. நாமளாப் புடுங்கிக்கிட்டம்னு இருக்கக் கூடாது. அங்க போயி ஒரே ஊட்டுல இருக்கோணும்" என்று மனைவி சொல்லியிருந்தாள்.

"அவங்களையே மொதல்ல சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

"ரெண்டு பேரும் இதையே சொன்னா நான் என்னங்க சார் பண்றது? மூணு தடவ அங்க பேசீட்டேன். நீங்க நெம்ப நல்லவங்கதான், ரெண்டு பேருமே. ஆனா எனக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்குந்தானுங்க டைம்."

சனிக்கிழமை காலை நான் வேலையில் இருந்தேன். பன்னிரண்டு மணியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். பல்லடத்தில் அவர் எப்படியும் ஒன்றைச் சொல்லிவிடுவார், வாய்விட்டுப் பேசுகிற மனிதர்தானே என்று நினைத்தேன். அவர் அங்கே, படித்த மனிதர், பத்திரிகைக்காரர், சரியான நேரத்துக்குச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு பக்கத்தை முடிக்க நேரம் தவறியதில்லை என்று இருபது வருடமாக எனக்கு ஆபீசில் பெயர். அன்றும் பக்கம் நேரத்துக்குப் போனது.

பன்னிரண்டே முக்காலுக்கு அம்மையார் கூப்பிட்டார். கப்பல்காரர்கள் இரண்டு அறைகளையும் விடுவித்துவிட்டார்கள். 214-ஐ கொச்சியில் யாரோ உடனே எடுத்துக்கொண்டார்கள். அவர் கெஞ்சிப் பார்த்து 402-ஐ மட்டும் திங்கட்கிழமை வரைக்கும் திரும்ப வாங்கி வைத்திருந்தார். வேறு எது மிச்சம் என்று கேட்டேன். பின்கோடியும், சமையலறைக்குக் கீழேயும்.

அன்று பிற்பகல் காது டாக்டரிடம் போனேன். மனைவி வரவில்லை. முன்பக்கத்து மேல் அறை என்றதும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பாதிப் பேருக்கு ஒன்றும் ஆகாது என்றார். பிறகு, உங்கள் மனைவிக்குப் பஸ் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பஸ்ஸில் பல்லடம் போனோம். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்றாள் மனைவி. பண்ணைக்கு அரை மைல் முன்பே தீவன வாடை வந்தது. சம்பந்தி வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கும் செய்தி தெரிந்திருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அன்று பாதியாகத் தெரிந்தது.

உள்ளே உட்கார்ந்ததும் மனைவி தலையிலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். காதுக்குப் பின்னால் வெட்டிய இடத்தில் முடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"சைனஸ் இல்லீங்க. காது ஆபரேசன். உங்ககிட்ட மறைச்சுப்போட்டோம்" என்றாள்.

சம்பந்தியம்மா எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்தத் தழும்பைப் பக்கத்தில் பார்த்தார்.

"ஆபரேசன் தெரியாது கண்ணு. காது தெரியும். கல்யாணத்தன்னிக்கே தெரியும். இக்கட்டால, எடது பக்கமா நின்னு மூணு தடவ கூப்பட்டேன். நீ திரும்பவே இல்ல. மொதல்ல நெம்பத் திமிருன்னு நெனச்சேன். அப்பறம் அக்கட்டால போயிக் கூப்பட்டேன், திரும்புன."

"அப்ப ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ மறைக்கறத நான் எதுக்குக் கேக்கறது? கேட்டா உனக்குச் சங்கட்டம்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். "எனக்கு இவளும் சொல்லல, நீங்களும் சொல்லல. வெசாலக்கெழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த நடு ரூமுக்கு அப்பவே உங்க பேரப் போட்டிருப்பனே. எனக்குக் கப்பலே வேண்டியதில்லீங்களே. உங்களுக்குத் தொணைக்குன்னுதானுங்க வந்தேன்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெளியே கோழிகளின் சத்தம் ஒரே மட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. மனைவிக்கு அது எந்த அளவு கேட்டது என்று தெரியவில்லை. சம்பந்தி இன்னும் வழி தேடிக்கொண்டிருந்தார். கொச்சிக்கே போய் அந்த 214-காரரைக் கண்டு காலில் விழுந்தாவது மாற்றலாம் என்றார். யாரென்றே தெரியாது என்றேன். முன்பக்கத்து அறையில் கட்டிலை விட்டுத் தரையில் மெத்தை போட்டுப் படுத்தால் ஆட்டம் குறையுமா என்றார். நான் அந்த ஆங்கிலப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். தரை, கட்டில் என்பதில் ஒன்றும் இல்லை, அறை இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

"போதுமுங்க" என்றாள் மனைவி. அவள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டு வந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "காது போனாப் போகுதுன்னு ஏறிக்கலாம். அதுக்கு நான் பயப்படல. ஆனா பதனோரு நாளும் வாந்தியெடுத்துப்போட்டு அங்க போயி எறங்குனா, அவ என்னையப் பாப்பாளா, நான் அவளப் பாப்பனா? மாசமா இருக்கறவ எனக்குக் கஞ்சி வெச்சுக்கிட்டு நிப்பா. அதுக்கு நான் போகாம இருக்கறது மேலு."

அவள் சம்பந்தியம்மா பக்கம் திரும்பினாள்.

"நீங்க பிளேன்ல போங்க. மின்னாலயே போங்க, ஒரு பதனஞ்சு நாளைக்கு மின்னால. பிரசவ மருந்து நான் இடிச்சுத் தாரேன். எத்தன நாளைக்கு எதுன்னு எழுதித் தாரேன். கொழந்தைக்கு மொத எண்ணெ நான் தேய்க்கோணும்னு இருந்தேன். அத நீங்களே தேச்சு ஊத்திப்போடுங்க."

எங்கள் பக்கத்தில் அது அம்மாவைப் பெற்றவளுக்கு உரியது. அதை இன்னொருவருக்குக் கொடுப்பவர்கள் இல்லை. கொடுத்தாலும் உடனே வாங்கிக்கொள்பவர்கள் இல்லை. ஐயோ, அது உங்களுக்குச் சேர்ந்ததுங்க என்று குறைந்தது மூன்று முறையாவது மறுக்க வேண்டும். நான் அந்த மறுப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"செய்யறேன்" என்றார் சம்பந்தியம்மா. அவ்வளவுதான்.

மனைவி தலையாட்டினாள். பிறகு ஸ்கார்ஃபை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், கட்டிக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள், சாப்பிட்டோம். திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா என்று நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை டிராவல்ஸுக்கு ஃபோன் செய்து 402 வேண்டாம் என்றும், பல்லடத்துக்காரர்களுக்கு விமான டிக்கெட் வேண்டும் என்றும் சொன்னேன்.

"ஏனுங்க சார், அந்த மேல் ரூமு வசதியாத்தானே இருந்துது? உங்களுக்குப் புடிக்கலீங்களா?"

"எங்களுக்கு அந்த நடு ரூமுதான் வேண்டியிருந்துச்சுங்க. ஆரம்பத்துல இருந்தே அதுதான்" என்றேன்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கெழமை நான் அதத்தானுங்க சார் கேட்டேன்" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றேன்.